நாற்பது நாள் முன்னால் அடித்த தமுக்கு

போன வாரம் மண்வளத் திட்டத்துப் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் என் வீட்டைத் தேடிக்கொண்டு தருமபுரம் வரைக்கும் வந்தீர்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, கரி கலந்த மண்கட்டி ஒன்றை அதில் போட்டு, அது கரையாமல் நிற்பதைக் காட்டினீர்கள். "அந்தக் காலத்துல இதெல்லாம் உண்டுங்களா ஐயா?" என்று கேட்டீர்கள். உண்டு என்று மட்டும் சொன்னேன். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் பேசினால் நடுவில் யாராவது "விடுங்க ஐயா, அது பழைய கதை" என்று வாயை அடைத்துவிடுவார்கள். தாளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

நீங்கள் சொல்லும் பயோசார், மூடுபயிர் என்ற பெயர்கள்தான் எங்களுக்குத் தெரியாது. உமியைக் கருக்கினால் உமிக்கரி. தக்கைப்பூண்டு விதைத்து, அது நிற்கும்போதே மடக்கி உழுதால் தழையுரம். எத்தனை கிலோ விதை, எத்தனை கூடை கரி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வயலைப் பற்றிச் சொல்கிறேன். என் உத்தியோக காலத்தில் மண் மிக நன்றாகத் திருந்தியது அந்த வயலில்தான். அதைத் திருத்திய மனுஷன் அதிலிருந்து ஒரு மரக்கால் நெல்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. விவசாய ஆபீசில் பீல்டுமேன், அதுவும் தற்காலிகம். மண்டபத்தூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் என்னை விட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், உங்களுக்கே கடைசியில் தெரிந்துவிடும். கடைமடையிலும் கடைமடை. ஆற்றில் வரும் தண்ணீரை மேற்கே இருக்கிற எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் எங்களுக்கு முகம் காட்டும். கோடையில் மண் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மழை பெய்தால் களி, வெயில் அடித்தால் ஓடு.

அங்கே கலியபெருமாள் என்பவருக்கு நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நாற்பது வயசு. கேலி பேசாமல் ஒரு வாக்கியம் முடிக்கத் தெரியாத ஆள். மூன்று சம்பா அவருக்குத் தொடர்ந்து கைகொடுக்கவில்லை. செங்கல் காளவாய் வைத்திருந்த மச்சினன் வேலைக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். முதல் நாள் என்னிடம் அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, இந்தச் சம்பாவும் போச்சுன்னா நிலத்தைக் குடுத்துட்டு செங்கல்லு அறுக்கப் போயிடுவேன். அதனால நீங்க என்னா சொன்னாலும் கேக்குறேன். மண்ணுல சக்கரையைக் கொட்டச் சொன்னாலும் கொட்டுறேன், ஆனா ரேஷன்ல நீங்கதான் வாங்கித் தரணும்."

நான் சிரிக்கவில்லை. ஒரு மனுஷன் கடைசி ஆட்டத்தை என் பேச்சை நம்பி ஆடுகிறான் என்று தெரிந்தால் சிரிப்பு எங்கே வரும்?

உமி கருக்கியதிலேயே முதல் தப்பு. ரைஸ்மில்லிலிருந்து வண்டி வண்டியாக உமி கொண்டுவந்து அவர் களத்தில் குவித்து, நடுவில் ஓட்டை போட்ட தகரக் குழாயை நிறுத்தி நெருப்பு வைத்தோம். மூடி வைத்துவிட்டு சும்மா இருக்க வேண்டும். என்னால் இருக்க முடிந்தால்தானே. அணைந்துவிட்டதோ என்று அரைமணிக்கு ஒருமுறை குவியலைக் கிளறிப் பார்த்தேன். கிளறக் கிளறக் காற்று உள்ளே போயிற்று. கரியாக வேண்டியது வெந்து வெந்து வெள்ளைச் சாம்பலாகிவிட்டது. மறுநாள் காலையில் கலியபெருமாள் வந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

"கரி பண்ண வந்தவரு திருநீறு பண்ணிட்டீங்களே தம்பி. அதுவும் வேதக்காரரு. பாதருக்குத் தெரிஞ்சா கோயிலுக்குள்ள விடுவாரா?"

நான் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன் என்பது ஊருக்கே தெரியும். ஊரே சிரித்தது. இரண்டாவது தடவை அவரே என் கையைப் பிடித்து வேப்பமர நிழலில் உட்கார வைத்துவிட்டார். குவியல் தானாகக் கருகி நல்ல கரியானது. கிளறாமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று அன்று எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள் கோடை மழை கொட்டியது. ஈரம் இருக்கும்போதே தக்கைப்பூண்டும் பில்லிப்பயறும் கலந்து விதைத்தோம். பத்தாம் நாள் பார்த்தால் வயல் பச்சைக் கம்பளம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தரிசு. நடுவில் இவருடைய நாலு மா மட்டும் பச்சை. பார்த்தவுடன் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் மாடுகளைப் பார்த்தேன்.

இங்கேதான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். பங்குனியில் உளுந்து பயறு எடுத்து முடித்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் வந்து ஊரில் தமுக்கு அடிக்கிற வரைக்கும் வயல் யாருக்கும் சொந்தமில்லை. பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி, அது மாட்டுக்குச் சொந்தம். எந்த மாடும் எந்த வயலிலும் மேயலாம். ஆடி பிறக்கும் சமயத்தில் தமுக்கு அடிப்பவர் தெருத்தெருவாக வந்து, "இன்னையிலேருந்து மாட்டைக் கட்டிப் போடுங்கோ" என்று கூவுவார். அன்றிலிருந்து மாடு வயலில் இறங்கினால் மாட்டுக்காரன் குற்றவாளி. அதற்கு முந்தின நாள் இறங்கினால், பயிர் வைத்தவன்தான் பைத்தியக்காரன். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். ஒருத்தரும் மீறியதில்லை.

அந்தச் சட்டத்தை நம்பி வாழ்ந்தது கீழத்தெரு. அங்கே யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. வீட்டுக்கு ஒரு மாடு, அவ்வளவுதான். வைக்கோல் போர் கிடையாது. அறுப்பில் கிடைத்த வைக்கோல் சித்திரையோடு தீர்ந்துவிடும். கோடை மழைக்கு முளைக்கிற வயல்புல்தான் அதன் பிறகு. வருஷத்தில் அந்த மாடுகள் வயிறு நிறையத் தின்பது அந்த நாற்பது ஐம்பது நாள்தான்.

நான் முள் வெட்டி வேலி போட்டேன். ஆடு நுழைந்தது. தடியோடு நின்றேன். கிழக்கே ஓட்டினால் மேற்கே இறங்கியது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆனி கடைசியில புதுச்சேரி பெரிய ஆபீசிலேருந்து பெரியவர் வர்றார். போட்டோ எடுக்கப் போறாங்க. அந்த வயல்ல பூண்டு இடுப்பு உயரத்துக்கு நிக்கணும். நிக்கலன்னா, உன்னை எதுக்கு வச்சிருக்கோம்னு என்னைக் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே சொல்லிடு."

அங்கிருந்து சைக்கிளில் திரும்பும்போது சங்கிலி மூன்று தடவை கழன்றது. மூன்று தடவையும் அது என் வேலை போவதற்கான அடையாளம் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் காலை வயலுக்கு ஒரு அம்மாள் வந்தார். பெயர் பாக்கியம். கீழத்தெருவின் நடவுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. அவர் எந்த வயலில் காலை வைக்கிறாரோ அங்கே இருபது பெண்கள் பின்னால் இறங்குவார்கள். வரப்பில் நின்று பயிரை ஒரு நோட்டம் விட்டார்.

"என்னா தம்பி, மாட்டுக்குப் பயந்து வாடிப்போயிருக்கீங்க?"

"ஒரு மாடு ஒரு பொழுது இறங்கினா போச்சுக்கா. எல்லாம் போச்சு."

"எங்க தெரு மாடு முப்பது உருப்படி இருக்கும். மேலத்தெரு மாடு கொட்டாயிலயே கெடக்கும், அது வராது. நாங்க முறை வச்சுக்குறோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. இந்தப் பக்கம் மாடு வராம பாத்துக்குறது எங்க பொறுப்பு."

"அதுக்கு?"

"இதை மடக்கி உழுவறப்ப நுனித்தழையில வீட்டுக்கு ஒரு சுமை அறுத்துக்குறோம். பாலு கறக்குற மாடு இருக்கு, செனை மாடு இருக்கு. அதுக்கு ஆவும்."

கலியபெருமாள் உடனே, "சரின்னு சொல்லுங்க தம்பி. அக்கா சொன்னா சொன்னதுதான்" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. முப்பது சுமை தழை போனால் மண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. பயிற்சியில் எங்களுக்கு ஒரு இலைகூட வெளியே போகக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைவிடப் பெரியது இன்னொன்று. ஒரு நாள் ஒரு வீட்டுக்காரி அசந்துவிட்டால்? அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? அப்படி நடந்தால் நான் யாரிடம் போய் முறையிடுவேன்?

"முறை தவறிடுச்சுன்னா என்னக்கா பண்றது?"

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவறினா வந்து திட்டுங்க. அதுக்குத்தானே வாயி இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. நேரே ஊர் மிராசுதார் வீட்டுக்குப் போனேன். ஆபீசர் வருகிறார், பெரியவர் வருகிறார், ஊருக்கே பெயர் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி, இந்த வருஷம் மட்டும் தமுக்கை நாற்பது நாள் முன்னால் அடிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் பாக்கை மென்றுகொண்டே, "அதுக்கென்னப்பா, அடிச்சாப் போச்சு" என்றார். அவருக்கு என்ன நஷ்டம்? அவர் வீட்டுப் பின்னால் மூன்று வைக்கோல் போர் நின்றது. நான் ஐந்து நிமிஷம்தான் அங்கே இருந்திருப்பேன். வெளியே வரும்போது நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. கவனியுங்கள், அந்த முடிவு என் பாரத்தை இறக்கியது. வயலுக்காக எடுத்த முடிவு என்று நான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் தமுக்கு அடித்தது. நான் கீழத்தெரு முனையில் சைக்கிளோடு நின்றிருந்தேன். தமுக்கு அடிப்பவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். வழக்கமாக இழுத்துக் கூவுகிறவர், அன்றைக்கு முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார். பாக்கியம் வாசலுக்கு வந்தார்.

"யோவ், வைகாசியில எதுக்குய்யா தமுக்கு? ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"என்னைக் கேக்காதக்கா. சொன்னாங்க, அடிக்கிறேன்."

பாக்கியத்தின் பார்வை என்மேல் வந்து நின்றது.

"நீங்களா தம்பி?"

"நாலஞ்சு வாரம்தானேக்கா."

"புல்லு இப்பத்தான் தலையைக் காட்டுது. இப்பப் போயி கட்டச் சொன்னா எதைப் போடுறது?" அவர் வாசலில் கட்டியிருந்த செவலைப் பசுவைக் காட்டினார். சினை மாடு. "இதுகிட்ட நீங்களே சொல்லுங்க. நாலஞ்சு வாரம் பொறுத்துக்கம்மான்னு. சொல்லிப் பாருங்க, கேட்டுக்குதான்னு."

தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அம்மாவும் நடவுக்குப் போனவள்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பயிர் வளர்ந்தது. கீழத்தெரு மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பெண்கள் வாய்க்கால் கரையிலும் ரோட்டோரத்திலும் தரையோடு தரையாகப் புல் செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். என்னைக் கண்டால் தலை நிமிர மாட்டார்கள். சில மாடுகள் சந்தைக்குப் போயின. ஆனால் யாரும் ஒரு மாட்டைக்கூட வயலில் இறக்கவில்லை. தமுக்கு அடித்துவிட்டால் அடித்ததுதான். அந்தச் சட்டத்தை நான் உடைத்தேன், அவர்கள் காப்பாற்றினார்கள்.

ஆனி பாதியில் ஒரு காலையில் தூறல் போட்டது. உச்சி நேரத்தில் நானும் கலியபெருமாளும் வடக்கு வரப்பை அடைத்துக்கொண்டிருந்தோம். பாக்கியத்தின் செவலைப் பசு எப்போது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததோ, தெற்கு மூலையில் நின்று பில்லிப்பயற்றை ஈரத்தோடு வாரி வாரித் தின்றுகொண்டிருந்தது. ஓட்டி விட்டோம். வரப்பில் ஏறி இருபது அடி நடந்தது. நின்றுவிட்டது. இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளை உப்பிக்கொண்டு வந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே தோல் மத்தளம் மாதிரி விறைத்துவிட்டது. பசி வயிற்றில் ஈரமான பயற்றுத் தழை போனால் வாயு அடைத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த சங்கதி.

பாக்கியம் ஓடி வந்தார். கலியபெருமாள் இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்துவிட்டார்.

"அக்கா, பள்ளையில ஒரு குத்து விட்டா காத்து எறங்கிடும். எங்க அப்பா பண்ணிப் பாத்திருக்கேன். எடமும் தெரியும்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "வேண்டாம் அண்ணே. குத்தி செத்துப்போச்சுன்னா நாம கொன்னதா ஆயிடும். செனை மாடு. ஆபீஸ் வரைக்கும் போயிடும். நான் மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வரேன். அது வரைக்கும் யாரும் தொடாதீங்க."

பாக்கியம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஆபீஸ் ஆள், சட்டைப் பையில் பேனா வைத்தவன். "தம்பி சொல்றதையே கேப்போம்" என்றார்.

சைக்கிளில் பறந்தேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டரைப் பிடித்து, அவரைப் பின்னால் உட்காரவைத்து, எதிர்க்காற்றில் மிதித்துத் திரும்பும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பசு கால்களை நீட்டிக் கிடந்தது. பாக்கியம் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் கொஞ்சம் தள்ளி, இன்னும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம் அழவில்லை. கத்தவும் இல்லை. "யாரும் தொடல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் பல பயிற்சிக்குப் போயிருப்பீர்கள். அவசரத்தில் எதைச் செய்வது என்று சொல்லித் தருவார்கள். அவசரத்தில் நாம் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அன்று நான் காப்பாற்றப் பார்த்தது மாட்டை இல்லை.

பெரியவர் ஜீப்பில் வந்தார். பூண்டு இடுப்பைத் தாண்டி நின்றது. கலியபெருமாளைப் பயிருக்குள் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பெரியவர் கேட்டார்: "கோடையில இவ்வளவு பச்சையா? மாட்டுத் தொல்லை இல்லையா?" எங்கள் ஆபீசர் சொன்னார்: "ஊரே கட்டுப்பாடா மாட்டைக் கட்டிப் போட்டுட்டாங்க சார்." பெரியவருக்கு மகிழ்ச்சி. கலியபெருமாள் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் கேலி பேசாமல் நின்றதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

ஆடியில் தண்ணீர் வந்தது. கரியைப் பரப்பி, தழையை மடக்கி உழுதோம். மூன்றாம் வாரம் வயலில் காலை வைத்தால் கணுக்கால் வரைக்கும் வெண்ணெயாக இறங்கியது. வெள்ளை உப்புப் படலம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஓடாக உடைந்த மண், கையில் எடுத்தால் கறுப்பாக, மழை பெய்து ஓய்ந்த காட்டு வாசனையோடு இருந்தது. வரப்பு ஓரமெல்லாம் மண்புழு எச்சம். கலியபெருமாள் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, இது என் நிலந்தானா? வேற யாரு வயல்லயாச்சும் எறங்கிட்டேனா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

புரட்டாசியில் நடவு. நடவுக்கு அழைக்க வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கலியபெருமாள் கீழத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்து, "அக்கா நாளு சொல்றேன்னு சொல்லியிருக்கு" என்றார். ஊரில் எல்லா வயலுக்கும் நாள் விழுந்தது. மிராசுதார் வயலுக்கு இரண்டு நாள். இவர் வயலுக்கு மட்டும் நாள் விழவில்லை. மறுபடி போனார். "கை ஒழியட்டும்." மறுபடி போனார். "பாக்கலாம்." ஒருத்தரும் சண்டை போடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நாற்றங்காலில் நாற்று நாற்பது நாளைத் தாண்டியது. பக்கத்து ஊரில் ஆள் கேட்டோம். "பாக்கியம் அக்கா எறங்காத வயல்ல நாங்க எப்படி எறங்குறது?" என்றார்கள். கலியபெருமாளுக்கும் அவர் சம்சாரத்துக்கும் இரண்டு ஜோடிக் கை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் நட்டும் ஒரு மா நட ஒரு வாரம் ஆயிற்று. நானும் இறங்கினேன். என் நடவு கோணலாக இருந்ததால் பிடுங்கி நட வேண்டியதாயிற்று.

கடைசியில் நான் கீழத்தெருவுக்குப் போனேன். பாக்கியம் நடவிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் முளைக்குச்சி அப்படியே இருந்தது. கயிறு இல்லை.

"அக்கா, என்மேல கோவம்னா என்னை அடிங்க. அண்ணன் என்ன பண்ணினாரு? அவருக்கு இதுதான் கடைசிச் சம்பா."

"தெரியும் தம்பி. கலியபெருமாள் நல்ல மனுசன்."

"அப்ப வாங்களேன்."

"அந்த மண்ணைப் பாத்தேன்." அவர் குரலில் கிண்டல் இல்லை. "வரப்புல போறப்ப எறங்கி ஒரு பிடி எடுத்துப் பாத்தேன். நாப்பது வருசமா சேத்துல நிக்கிறேன், இப்படி ஒரு மண்ணு இந்த ஊருல பாத்ததில்ல. நல்லா பண்ணியிருக்கீங்க."

பாக்கியம் குனிந்து கணுக்காலில் மிஞ்சியிருந்த சேற்றை வழித்தார்.

"எங்க மாடு வாயைக் கட்டி வளத்த மண்ணு. அதுல எந்த மொகத்தோட குனிஞ்சு நடச் சொல்றீங்க? நான் போங்கடின்னு சொன்னாலும் இவளுவ எறங்க மாட்டாளுவ. நான் சொல்லவும் மாட்டேன்."

"தமுக்கு என் கையில இல்லக்கா. மேலேருந்து சொன்னாங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவர்கள் அப்போதும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பாக்கியம் சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"மிராசு வீட்டுக்கு நீங்க சைக்கிள்ல போனதை இந்தத் தெருவே பாத்துச்சு தம்பி. இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க."

நாற்று ஐம்பது நாளாகி கணு விட்டது. ஐப்பசியில் புயல் மழை பிடித்தது. நட்ட ஒரு மா மூழ்கியது. நடாத மூன்று மாவிலும் வானம்தான் தெரிந்தது. கார்த்திகையில் மிராசுதார் நிலத்தை வாங்கிக்கொண்டார். கலியபெருமாள் காளவாய்க்குப் போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். கேலி எதுவும் இல்லை. "புதுசா வாங்கினவருகிட்ட சொல்லுங்க தம்பி, அடுத்த கோடையிலும் பூண்டு போடச் சொல்லி. விட்டுடப் போறாரு. மண்ணு பாவம்" என்றார்.

மிராசுதார் விடவில்லை. அடுத்த வைகாசியிலும் பூண்டு போட்டார். யாரும் கேட்காமலே தமுக்கும் அடிக்கச் சொன்னார். சம்பாவுக்குக் கீழத்தெருப் பெண்களே நட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு நடாமல் அவர்கள் வருஷத்தை எப்படி ஓட்டுவது? அந்த நாலு மாவில் விளைந்தாற்போல ஊரில் வேறெங்கும் விளையவில்லை. எங்கள் ஆபீஸ் அறிக்கையில் அது வெற்றி என்று ஏறியது. பழைய போட்டோவைத்தான் ஒட்டினார்கள். அதில் நிற்கிற ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. என்னை நிரந்தரம் ஆக்கினார்கள்.

அதற்கு அடுத்த வருஷமும் வைகாசியில் தமுக்கு. அப்புறம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலேயே அந்த நாளைக் குறித்து வைத்துவிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த ஒரு பையனிடம், இந்த ஊரில் ஏன் இவ்வளவு முன்னால் அடிக்கிறார்கள் என்று கேட்டேன். "இது இங்க வழக்கம் சார், ஆதியிலேருந்து இப்படித்தான்" என்றான். நான் திருத்தவில்லை.

பாக்கியம் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கலியபெருமாளைப் பிறகு இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் பஸ்ஸில், கூட்டத்தில். ஒரு தடவை அவர் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அன்றைக்கு என் மேஜையில் ஒரு அச்சடித்த தாளை மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். உங்கள் புதுத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர்கள். முதலாவதாக அந்த ஊர். எதிரே காரணம் போட்டிருக்கிறீர்கள்: கால்நடை மேய்ச்சல் தொல்லை அறவே இல்லாத கிராமம், மூடுபயிருக்கு மிகவும் ஏற்றது.

நேற்று பஸ் ஏறிப் போனேன். கீழத்தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தேன். நீங்கள் எழுதியிருப்பது சரிதான்.